கசப்புப் பழத்துக்கு உப்பும் மிளகாயும்: நம் சமையலறையில் கிரேப்ஃப்ரூட், முழுமையான வழிகாட்டி

கிரேப்ஃப்ரூட்டை ஒரே ஒரு முறை வாங்கிப் பார்த்துவிட்டு அதோடு விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆரஞ்சுதானே என்று வாங்கி, ஆரஞ்சு மாதிரியே சுளை பிரித்து, மேல் சவ்வோடு வாயில் போட்டு, கசப்பு ஏறியதும் மீதியை ஃபிரிட்ஜில் வைத்து மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பழமும் அப்படித்தான் போனது. சீனி தூவினேன். ஒரு கரண்டி, அப்புறம் இன்னொரு கரண்டி. இனிப்பு ஒரு பக்கமும் கசப்பு ஒரு பக்கமுமாக நின்றதே தவிர, இரண்டும் சேரவே இல்லை.

வழி காட்டியது அம்மா. சித்திரை முதல் நாளுக்கு வேப்பம்பூப் பச்சடி செய்துகொண்டிருந்தார். மாங்காய், வெல்லம், உப்பு, மிளகாய், கடைசியில் நெய்யில் வறுத்த வேப்பம்பூ. மேசையில் இருந்த பாதிப் பழத்தை ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "இதுக்கு ஏம்மா சீனி? மாங்காய்க்குப் போடுற மாதிரி உப்பும் மிளகாய்த்தூளும் போடு" என்றார். போட்டேன். அது வேறு பழமாக இருந்தது.

அன்றிலிருந்து இந்தப் பழத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. பாகற்காயும் சுண்டைக்காய் வற்றலும் நார்த்தங்காய் ஊறுகாயும் நமக்குப் புதிதா என்ன? கசப்பை வைத்துச் சமைக்க நம் வீடுகளில் எப்போதும் தெரியும். கிரேப்ஃப்ரூட்டின் கசப்பை ஒழிக்கப் பார்க்காமல், உப்பு, காரம், வெல்லம், தேங்காய் என்று அதற்குத் துணை சேர்த்தால் போதும். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

எந்தப் பழத்தைப் பற்றிப் பேசுகிறோம்

பம்பளிமாசு என்று நாம் சொல்வது பெரிய பழம். சீனப் புத்தாண்டுக்கும் நிலாப்பண்டிகைக்கும் கடைகளில் குவித்து வைத்திருப்பார்களே, மலேசியாவின் ஈப்போ பக்கமிருந்து வருமே, அதுதான். மலாயில் லிமாவ் பாலி. தோல் தடியாக இருக்கும், சுளை உதிர் உதிராக வரும், கசப்பு குறைவு. கிரேப்ஃப்ரூட் அதன் பிள்ளை. பம்பளிமாசும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம் இது.

பிறந்த இடம் பார்படோஸ் தீவு, காலம் 18ஆம் நூற்றாண்டு. பெற்ற மரங்கள் இரண்டும் ஆசியாவைச் சேர்ந்தவை. கப்பலில் கரீபியனுக்குப் போய் அங்கே தாமாகக் கலந்திருக்கின்றன. பழங்கள் கிளையில் திராட்சை போலக் கொத்தாகத் தொங்குவதால் பெயரில் திராட்சை வந்து ஒட்டிக்கொண்டது என்பார்கள். ருசியில் திராட்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கடையில் பெரும்பாலும் சிவப்புச் சதைப் பழம்தான் கிடைக்கும். 1929இல் டெக்சாஸில் இளஞ்சிவப்புப் பழம் காய்க்கும் மரமொன்றில் நல்ல சிவப்பாகக் காய்த்ததைக் கண்டெடுத்து, அதிலிருந்து வளர்த்த ரகம் ரூபி ரெட். அதற்குப் பின் ஸ்டார் ரூபி, ரியோ ரெட் எல்லாம் வந்தன. தக்காளியைச் சிவப்பாக்கும் லைக்கோப்பீன்தான் இதையும் சிவப்பாக்குகிறது. வெள்ளைச் சதைப் பழம் கிடைத்தால், அது கூடுதல் கசப்பு, ஊறுகாய்க்கு நல்லது. பச்சைத் தோலோடு ஸ்வீட்டி என்ற பெயரில் ஒன்று விற்கிறதே, அது கிரேப்ஃப்ரூட்டைத் திரும்பவும் பம்பளிமாசோடு கலந்து உண்டாக்கியது. கசப்பு மிகக் குறைவு. வீட்டில் பிள்ளைகளுக்கு அதில் தொடங்கலாம்.

சமைப்பதற்கு முன்: மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முக்கியமாக.

கிரேப்ஃப்ரூட் சில மருந்துகளோடு சேராது. நாம் விழுங்கும் பல மாத்திரைகளை உடைத்து, அளவோடு இரத்தத்துக்குள் விடுவது குடலிலுள்ள ஒரு நொதி. இந்தப் பழத்திலுள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள்கள் அந்த நொதியைச் செயலிழக்க வைத்துவிடுகின்றன. விளைவு, ஒரு மாத்திரை போட்டால் பல மாத்திரை போட்டதுபோல மருந்து இரத்தத்தில் ஏறிவிடும். கனடாவில் டேவிட் பெய்லி என்பவரின் குழு இதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தது. ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்து மதுவோடு சேர்ந்தால் என்ன ஆகிறது என்று சோதித்தார்கள். மதுவின் ருசி தெரியாமலிருக்க இந்தப் பழச்சாற்றைக் கலந்தார்கள். மருந்தின் அளவு எதிர்பாராமல் ஏறியது. காரணம் மது இல்லை, சாறு என்று பிறகு தெரிந்தது. 1991இல் அதை வெளியிட்டார்கள்.

கவனிக்க வேண்டியவை: கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின், ஓரளவு அட்டோர்வாஸ்டாட்டின், இரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின், நிஃபெடிபின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எடுக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ். இன்னும் பல உண்டு. காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துச் சாப்பிட்டாலும் பயனில்லை. செயலிழந்த நொதிக்குப் பதில் குடல் புதிதாக உண்டாக்கிக்கொள்ள ஒரு நாளுக்கு மேல் ஆகும். பம்பளிமாசுக்கும் இதே எச்சரிக்கைதான்.

அம்மா கொழுப்புக்கு மாத்திரை எடுக்கிறார். அன்று அவர் தின்றது ஒரே வாய், நல்லவேளை. அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்கு மருந்து வாங்கப் போனபோது மருந்தாளுநரிடம் மாத்திரையின் பெயரைக் காட்டிக் கேட்டோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இந்தப் பழத்தில் செய்வதை நானும் பிள்ளைகளும் சாப்பிடுகிறோம். அம்மாவுக்கு அதே பதார்த்தத்தைச் சாதாரண ஆரஞ்சிலோ கமலாவிலோ செய்து கொடுக்கிறேன். நீங்களும் கேட்டுவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த மட்டும் வேண்டாம். விருந்தாளிகளுக்குப் பரிமாறும்போதும் "இதில் கிரேப்ஃப்ரூட் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வாங்குவது, வைப்பது

கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே அளவுப் பழம் இரண்டில் எது கனமாக இருக்கிறதோ அதில்தான் சாறு அதிகம். தோல் வழவழப்பாக, மெல்லியதாக, அழுத்தினால் லேசாகக் கொடுத்து மீண்டு வர வேண்டும். காம்புப் பக்கம் கூம்பி, தோல் மேடு பள்ளமாக இருந்தால் உள்ளே பஞ்சு அதிகம். தோலின் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். மஞ்சள் தோலுக்குள் நல்ல சிவப்புச் சதை இருக்கும். தோலில் பழுப்புக் கீறல் இருந்தால் பரவாயில்லை, மரத்தில் கிளை உரசியது. காம்படியில் மெத்தென்று இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூருக்கு இது ஆண்டு முழுக்க எங்கிருந்தாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை தென்னாப்பிரிக்கப் பழம் நன்றாக இருக்கும். ஆண்டுக் கடைசியிலும் புத்தாண்டையொட்டியும் பூமியின் வட பாதியின் பழங்கள், அதாவது அமெரிக்கா, இஸ்ரேல், துருக்கி போன்ற நாடுகளுடையவை. ஒட்டுத்தாளில் நாட்டின் பெயர் இருக்கும். பருவம் முடிந்து பல வாரம் கிடங்கில் இருந்த பழத்தைவிடப் பருவத்துப் பழம் எப்போதும் மேல்.

நம் ஊர் வெக்கையில் வெளியே மூன்று நான்கு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். ஈரப்பதத்தில் பச்சைப் பூஞ்சணம் சீக்கிரம் பிடித்துவிடும். ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் இரண்டு மூன்று வாரம் தாராளமாக இருக்கும். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். அதிகக் குளிர்ச்சியில் மணம் தெரியாது.

வெட்டுவதுதான் பாதிச் சமையல்

கசப்பின் பெரும்பகுதி சதையில் இல்லை. தோலுக்கடியிலிருக்கும் வெள்ளைப் பஞ்சிலும் சுளையை மூடியிருக்கும் சவ்விலும்தான் நரின்ஜின் என்ற கசப்புப் பொருள் குவிந்திருக்கிறது. ஆரஞ்சுபோலச் சவ்வோடு தின்றால் அதைத்தான் மென்றுகொண்டிருப்போம். அதனால் சவ்வை நீக்கி வெட்டப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு பழம் வீணாகும், மூன்றாவது பழத்தில் கை வந்துவிடும்.

முதல் படி: பழத்தை வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். இறக்குமதிப் பழங்களில் மெழுகு பூசியிருப்பார்கள். தோலைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இது கட்டாயம்.

இரண்டாம் படி: மெல்லிய, கூர்மையான கத்தியால் மேலும் கீழும் சதை தெரியும்வரை ஒரு சில்லு வெட்டி எடுங்கள். இப்போது பழம் பலகையில் ஆடாமல் நிற்கும்.

மூன்றாம் படி: மேலிருந்து கீழாக, பழத்தின் வளைவோடு கத்தியை இறக்கி, மஞ்சள் தோலையும் வெள்ளைப் பஞ்சையும் சேர்த்தே சீவி எடுங்கள். சதை கொஞ்சம் போனால் போகட்டும். எங்காவது வெள்ளை ஒட்டியிருந்தால் இன்னொரு முறை சீவுங்கள். முடித்ததும் பழம் முழுக்கச் சிவப்பாக, ஈரமாக மினுங்க வேண்டும்.

நான்காம் படி: பழத்தை இடது உள்ளங்கையில் வைத்து, கீழே ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். சவ்வுகள் நடுவிலிருந்து வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். ஒரு கோட்டை ஒட்டி நடுவரை ஒரு வெட்டு, அடுத்த கோட்டை ஒட்டி இன்னொரு வெட்டு. சுளை தானாக வழுக்கிக் கிண்ணத்தில் விழும். கத்தி உங்கள் பக்கம் அல்லாமல் பழத்தின் நடுவை நோக்கியே போகட்டும், அவசரம் வேண்டாம். ஒவ்வொரு சுளையாக எடுத்த பிறகு, கையில் மூடிய விசிறி மாதிரி சவ்வு மட்டும் மிஞ்சும். அதை ஒரு முறை லேசாக அழுத்திச் சாறு எடுத்துக்கொண்டு போட்டுவிடுங்கள். துணி பிழிவதுபோல முறுக்கினால் சவ்வின் கசப்பும் சாற்றோடு இறங்கிவிடும்.

கத்தி வேலை வேண்டாம் என்பவர்கள் பம்பளிமாசு உரிப்பது போலவே செய்யலாம். தோலைக் கையால் உரித்து, சுளைகளைப் பிரித்து, ஒவ்வொரு சுளையின் முதுகையும் கீறி, சவ்வை இரண்டு பக்கமும் விரித்து உரித்துவிடுங்கள். நேரம் ஆகும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய ஏற்ற வேலை.

பாதியாக வெட்டிக் கரண்டியால் தோண்டித் தின்பதானால், காம்பு ஒரு பக்கமும் அடி ஒரு பக்கமும் வருமாறு குறுக்கே வெட்டுங்கள். சிறு கத்தியால் ஒவ்வொரு சுளையைச் சுற்றியும் கீறிவிட்டால் சவ்வு தோலோடு நின்றுவிடும்.

உப்பைச் சோதித்துப் பாருங்கள்

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நாக்கையே கேளுங்கள். நான்கு சுளை எடுத்து, ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றில் சீனி. ஒன்றில் இரண்டு விரலுக்கிடையில் எடுத்த அளவு உப்பு. கடைசியில் உப்போடு மிளகாய்த்தூள். ஐந்து நிமிடம் விட்டுத் தின்றுபாருங்கள். உப்புப் போட்ட சுளைதான் சீனி போட்டதைவிட இயல்பான இனிப்பாகத் தெரியும். உப்பிலுள்ள சோடியம் நாக்கு கசப்பை உணர்வதைக் குறைக்கிறது. கசப்பு அடங்கியதும், அதுவரை அதன் கீழே அமுங்கிக் கிடந்த பழத்தின் சொந்த இனிப்பு மேலே வந்துவிடுகிறது.

பசியாறும்போது தினம் தின்ன இது போதும்: பாதிப் பழம், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த சீரகம். இங்கே பழக்கடைகளில் கொய்யாவுக்குத் தூவும் புளிப்பு பிளம் பொடி இருக்கிறதே, அதுவும் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஏற்கெனவே உப்பு இருப்பதால் தனியாக உப்பு வேண்டாம்.

இனிப்புதான் வேண்டுமென்றால் வெள்ளைச் சீனியைவிட குலா மலாக்கா. பனைவெல்லத்தில் ஒரு கருகல் வாசம் இருக்கும். அது கசப்போடு சண்டை போடாது. துருவிப் பாதிப் பழத்தின் மேல் தூவி, உப்பு ஒரு சிட்டிகை போட்டு, ஓவனின் மேல் கம்பிச் சூட்டில் ஐந்து நிமிடம் வைத்தால் மேலே பாகு குமிழ் விட்டுப் படியும். சூடாகவே கரண்டியால் தோண்டித் தின்ன வேண்டும்.

ரசம்

எலுமிச்சை ரசம் வைக்கத் தெரிந்தால் இதுவும் தெரியும். ஒரே ஒரு கணக்கை மட்டும் கவனிக்க வேண்டும். கிரேப்ஃப்ரூட் சாற்றின் புளிப்பு எலுமிச்சையில் ஏறக்குறைய கால் பங்குதான். ஒரு எலுமிச்சம்பழத்தின் வேலையைச் செய்ய ஒரு முழு கிரேப்ஃப்ரூட்டின் சாறு, அதாவது முக்கால் குவளை அளவு, தேவைப்படும். எனவே பருப்புத் தண்ணீரைக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ரசம் நீர்த்துவிடும்.

கால் குவளை துவரம்பருப்பை மஞ்சள்தூளோடு குழைய வேகவைத்து, இரண்டு குவளைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு தக்காளி, இரண்டு பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, நான்கு பல் பூண்டு தட்டிப் போட்டு, ஒரு கரண்டி மிளகும் சீரகமும் ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேர்த்து, உப்புப் போட்டு நுரை கட்டும்வரை விடுங்கள். நெய்யில் கடுகு, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி அடுப்பை அணைத்துவிடுங்கள்.

இரண்டு நிமிடம் கழித்துத்தான் சாறு. பழத்தையும் அப்போதுதான் பிழிய வேண்டும். ஏனென்றால் இந்தச் சாற்றுக்கு ஒரு குணம் உண்டு: பிழிந்து வைத்தால் நேரம் ஆக ஆகக் கசப்பு கூடும். பழத்துக்குள் கசக்காமல் இருந்த ஒரு பொருள், சாறாகப் பிழிந்த பிறகு அமிலம் பட்டு லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. காலையில் பிழிந்து வைத்து மாலையில் குடிப்பவர்கள் "பழம் சரியில்லை" என்று சொல்வது இதனால்தான். கொதிக்கும் ரசத்தில் ஊற்றினாலும் மணம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் நிற்கும். இறக்கியபின் ஊற்றி, கொத்தமல்லித் தழை தூவி, சவ்வு நீக்கிய இரண்டு சுளையை உதிர்த்துப் போட்டால், கரண்டிக்குக் கரண்டி சின்னச் சின்ன முத்தாக வாயில் வெடிக்கும்.

எலுமிச்சை சாதத்தில் இந்தச் சாற்றை ஊற்றிப் பார்த்தேன். அவ்வளவு சாறு ஊற்றினால் சோறு குழைந்துவிடுகிறது. அதற்கு எலுமிச்சையே இருக்கட்டும்.

இறால் சாலட்

நான் அதிகம் செய்வது இதுதான். தாய்லாந்தில் பம்பளிமாசில் செய்வதையும் நம் வீட்டுத் தாளிப்பையும் சேர்த்துக்கொண்டேன். நான்கு பேருக்கு இரண்டு பழம், கால் கிலோ இறால்.

தேங்காய்த் துருவல் அரைக் குவளையை எண்ணெய் இல்லாத சட்டியில் சிறு தீயில் வறுங்கள். கை எடுக்காமல் கிளற வேண்டும். வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் பொன்னிறமாகும் அந்த நேரம் மிகக் குறுகியது. வாசம் மூக்குக்கு வந்ததும் உடனே தட்டில் கொட்டிவிடுங்கள், சட்டியில் விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிவிடும். சின்ன வெங்காயம் ஆறேழு, மெல்லிய வளையமாக அரிந்து மொறுமொறுப்பாகப் பொரித்து எடுங்கள். அதே எண்ணெயில் கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. வேர்க்கடலையை வறுத்து ஒன்றிரண்டாக உடையுங்கள். இறாலை மஞ்சளும் உப்பும் போட்டு இரண்டே நிமிடம் வதக்கி, சுருண்டு சிவந்ததும் எடுத்துவிடுங்கள்.

சாறுக்கு: குலா மலாக்கா துருவல் ஒரு மேசைக்கரண்டி, மீன் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை மூன்று பழத்தின் சாறு, சிலி பாடி என்ற குட்டிக் கார மிளகாய் இரண்டு பொடியாக நறுக்கியது. வெல்லம் கரையும்வரை கலக்குங்கள். நாக்கில் வைத்தால் காரம், புளிப்பு, இனிப்பு, உப்பு நான்கும் தூக்கலாக இருக்க வேண்டும். கசப்பைப் பழம் கொண்டுவரும்.

சுளைகளைப் பெரிய துண்டாக உதிர்த்து, இறால், புதினா, கொத்தமல்லித் தழை, வெங்காயம், தேங்காய், கடலை எல்லாவற்றையும் போட்டு, எல்லாரும் மேசையில் உட்கார்ந்த பிறகு சாறை ஊற்றிக் கையால் இரண்டு முறை புரட்டுங்கள். முன்கூட்டியே கலந்தால் உப்பு பழத்துச் சாற்றை இழுத்துவிடும், தேங்காய் சொதசொதத்துவிடும். சைவத்துக்கு இறாலுக்குப் பதில் பொரித்த தவ்குவா (கெட்டி டோஃபு), மீன் சாஸுக்குப் பதில் லேசான சோயா சாஸ்.

தயிர்சாதம், குடிக்க ஒன்று, இனிப்பு ஒன்று

தயிர்சாதத்தில் மாதுளையும் திராட்சையும் போடுகிறோம் அல்லவா? அந்த இடத்தில் இதன் சுளையைப் போடலாம். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்த சாதம் நன்றாக ஆறியபின், பரிமாறும் நேரத்தில் உதிர்த்த சுளைகளை மேலாகப் போட்டு ஒரு புரட்டு. சேர்த்து வைத்திருந்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

குடிக்க: ஒரு பழத்தின் சாறு, காய்ந்த புளிப்பு பிளம் இரண்டு, குலா மலாக்கா பாகு ஒரு மேசைக்கரண்டி, ஐஸ், மேலே சோடா. பிளமைக் கரண்டியால் நசுக்கிவிட்டால் உப்பு இறங்கும். பிழிந்ததும் குடித்துவிட வேண்டும், காரணம் மேலே சொன்னதுதான்.

இங்கே சீன உணவகங்களில் மாம்பழக் கூழில் சவ்வரிசியும் பம்பளிமாசு உதிரியும் போட்டுக் குளிரக் கொடுப்பார்கள். லேய் கார்டன் உணவகம் 1984இல் சிங்கப்பூர்க் கிளைக்காக உண்டாக்கியது என்று சொல்வார்கள். வீட்டில் செய்யும்போது நான் பம்பளிமாசுக்குப் பதில் கிரேப்ஃப்ரூட் போடுகிறேன். மாம்பழம் இரண்டை அரைத்து, தேங்காய்ப்பால் ஒரு குவளை, வேகவைத்துக் குளிர்ந்த நீரில் அலசிய சவ்வரிசி அரைக் குவளை, ஒரு சிட்டிகை உப்பு, மேலே சிவப்பு உதிரி. தித்திப்பான மாம்பழத்துக்கு நடுவே அந்தக் கசப்பு வரும்போது இன்னொரு கரண்டி கேட்கும். பாயசத்தில் சோர்ந்துபோன வாய்க்கு, தீபாவளி மதியத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

தோல் ஊறுகாய்

தோலைக் குப்பையில் போட மனம் வராது. நார்த்தங்காய் ஊறுகாய் போட்ட கை நம்முடையது. முதல் முறை நேராக நறுக்கி, நார்த்தங்காய்போல உப்பில் ஊறவைத்தேன். ஒரு மாதம் கழித்தும் கசப்பு துளியும் குறையவில்லை, முழுதையும் கொட்ட வேண்டியதாயிற்று. இதற்கு வேறு வழி வேண்டும். நரின்ஜின் குளிர்ந்த நீரில் அவ்வளவாகக் கரையாது, வெந்நீரில் நன்றாகக் கரையும். அதனால் ஊறவைப்பதைவிடக் கொதிக்கவைப்பதுதான் சரி.

இரண்டு பழத்தின் தோலைப் பஞ்சோடு எடுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 200 கிராம். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் ஐந்து நிமிடம் விட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் மறுபடி. மொத்தம் மூன்று முறை. வெள்ளைச் சதைப் பழமானால் நான்கு. மூன்றாவது கொதிக்குப் பின் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். கசப்பு இருக்க வேண்டும், ஆனால் முகம் சுளிக்கக் கூடாது. நகம் எளிதாக இறங்கும் அளவுக்கு மென்மையாகியிருக்கும். வடியவிட்டு, துணியில் ஒற்றி, சிறு துண்டுகளாக நறுக்குங்கள்.

நல்லெண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி காயவைத்து, கடுகு வெடித்ததும் பெருங்காயம், பின் தோல் துண்டுகள். சிறு தீயில் பத்து நிமிடம் வதக்கி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரை மேசைக்கரண்டி, எலுமிச்சை அளவு புளியின் கெட்டிக் கரைசல் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். 50 கிராம் வெல்லம், வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைக் கரண்டி போட்டு, வெல்லம் கரைந்து இறுகியதும் இறக்குங்கள். ஆறியபின் ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். இரண்டு நாள் ஊறினால்தான் தோலுக்குள் உப்பும் காரமும் இறங்கும். அன்றே தின்றுவிட்டு ருசி இல்லை என்று சொல்ல வேண்டாம்.

இது வெயிலில் காய்ந்த ஊறுகாய் இல்லை, வெந்த தோலில் ஈரம் இருக்கிறது. அலமாரியில் வைக்காமல் ஃபிரிட்ஜிலேயே வைத்து, காய்ந்த கரண்டியால் எடுத்து, மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். புட்டியின் மூடியில் போட்ட தேதியோடு பழத்தின் பெயரையும் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் நார்த்தங்காய்ப் புட்டி மேல்தட்டில், இது கீழ்தட்டில்.